மாவுப்பூச்சியைத் தாக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள்: கொழும்பில் எது எதைப் பிடிக்கும்?

செவ்வரத்தை_வேலி:

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் மாசி, பங்குனி வெயிலுக்கு மாவுப்பூச்சி ஏறுவது வழக்கம்தான். இப்போது ஒரே மதிலோரத்தில் பப்பாசி, செவ்வரத்தை, தொட்டித் தேசி மூன்றிலும் வெள்ளை அப்பியிருக்கிறது. பப்பாசி இலையின் அடிப்பக்கத்தில் மட்டும் ஊதி, அசையாமல், வெளிறிய மண்ணிறத்தில் காய்ந்த உடல்கள், அதாவது குளவி உள்ளே முட்டையிட்டதால் இறுகிப்போன ‘மம்மி’கள். சிலவற்றின் பின்பக்கத்தில் வட்டமான ஓட்டை. குளவி வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் நாலடி தள்ளி நிற்கும் செவ்வரத்தையில் அப்படி ஒன்றுகூடக் கிடையாது.

கேட்க வேண்டியவை மூன்று. பக்கத்து மரத்துக்குக் குளவி ஏன் போகவில்லை? மம்மி இருக்கிற பப்பாசி இலையை வெட்டிக் கொண்டுபோய்ச் செவ்வரத்தையில் கட்டினால் பலன் உண்டா? ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு குளவியின் பேரைச் சொல்கிறார்களே, நமக்குப் பொருந்துவது எது?

பொறிவண்டு:

மரத்தைப் பார்த்துப் பூச்சிக்குப் பேர் வைக்க வேண்டாம். பப்பாசி மாவுப்பூச்சி, அதாவது பாராகொக்கஸ் மார்ஜினாட்டஸ், செவ்வரத்தை, அரலிய (புளூமேரியா), மரவள்ளி, கத்தரி எல்லாவற்றிலும் வரும். செவ்வரத்தையிலோ அதைவிட இன்னும் இரண்டு இனமாவது சாதாரணமாகக் கிடைக்கும். ஆகவே உங்கள் முதல் கேள்விக்குப் பெரும்பாலும் விடை இதுதான்: இரண்டு மரத்திலும் இருப்பது ஒரே பூச்சி இல்லை. பப்பாசியில் வேலை செய்த குளவி மற்றதைத் தொடாது.

அந்தக் குளவி எது என்பதையும் ஓரளவு துணிந்து சொல்லலாம். பப்பாசி மாவுப்பூச்சியின் சொந்த இடம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். தொண்ணூறுகளில் கரீபியன் தீவுகளில் பரவி, 1998இல் புளோரிடா, 2002இல் குவாம், 2004இல் ஹவாய் என்று கடல் தாண்டி, 2008இல் இங்கே கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் பிடிபட்டது. அதே ஆண்டில் கோயம்புத்தூரிலும். அதற்கு எதிராக மெக்சிகோவில் இருந்து தேர்ந்தெடுத்து, புவேர்ட்டோ ரிக்கோவில் பெருக்கிப் பல நாடுகளுக்கு அனுப்பிய குளவிகள் மூன்று: அசிரோபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூட்லெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா. இலங்கைக்கு 2009இல் விவசாயத் திணைக்களம் கொண்டுவந்தது அசிரோபேகஸ். இந்தியா 2010இல் மூன்றையும் எடுத்தது.

மூன்றும் ஒரே பூச்சியைத் தாக்கினாலும் விரும்பும் பருவம் வேறு. அசிரோபேகஸ் இரண்டாம் பருவக் குஞ்சை, அதாவது ஒருமுறை தோலுரித்த சின்னக் குஞ்சைத் தேடும். மற்ற இரண்டும் வளர்ந்த பெண் பூச்சியை விரும்பும். பூச்சி சின்னதாக இருக்கும்போதே அடி விழுவதால் முட்டைப்பை வைக்க அது தப்பாது. ஒரு முட்டைப்பைக்கு 100 முதல் 600 வரை முட்டை என்று கணக்குப் போட்டால் இதன் பெறுமதி புரியும். அசிரோபேகஸ் முட்டையில் இருந்து வெளியேற ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். பூச்சியின் தலைமுறைக்கு மூன்றரைக் கிழமை. ஓட்டத்தில் குளவி முந்துவது அதனால்தான்.

முசுறு:

அண்ணை சொன்னது சரி. ஆனா பேர் வைக்கிறதுக்கு எல்லாரிட்டையும் நுணுக்குக்காட்டி இருக்காது. கையில ஒரு பத்து மடங்கு லென்ஸும் ஒரு ஊசியும் இருந்தாக் காணும்.

வளர்ந்த பெண்ணை ஊசியால குத்திப் பாருங்கோ. மஞ்சள் சாறு வந்து, உடம்பைச் சுத்தி மெழுகுக் காம்பு கட்டையா இருந்தால் பப்பாசிப் பூச்சி. உடம்பே இளஞ்சிவப்பா, சாறு செம்மண் நிறத்தில வந்தால் செவ்வரத்தையின்ர பழைய பூச்சி, மாக்கோனெல்லிகொக்கஸ் ஹிர்சூட்டஸ். முதுகில கறுப்புக் கீறல் சோடி சோடியாத் தெரிஞ்சால் பருத்தி மாவுப்பூச்சி, பெனாகொக்கஸ் சொலனாப்சிஸ். அது மட்டக்களப்பு மாவட்டத்தில இருக்கிறதா 2009இல கட்டுரையே வந்தது. முதுகில ரெண்டு நீளக் கோடு, கண்ணாடி நூல் மாதிரி மெழுகு நீட்டிக்கொண்டு நிண்டால் அது பெரிசியா வெர்காட்டா. தேசியில இருக்கிறது பெரும்பாலும் பிளானோகொக்கஸ் ஆகத்தான் இருக்கும், ஆனா அந்தச் சாதிக்குள்ள, அதாவது பேரின்ர முதல் சொல் ஒண்டா இருக்கிற கூட்டத்துக்குள்ள, இனம் பிரிக்கக் கண் காணாது, சிலைட் வேணும்.

பப்பாசிப் பூச்சிக்கு இன்னொரு அடையாளம். எதனோலுக்குள்ள போட்டு வைச்சால் ஒண்டு ரெண்டு நாளில நீலக்கறுப்பாகும். சாராயத்தில போட்டுப் பார்க்க வேண்டாம், அது நாற்பது வீதம்கூட வராது.

ஒரு எச்சரிக்கை. கொத்துக்கு நடுவில மற்றதை விடப் பெரிசா, நீள மெழுகோட வேகமா ஓடுறது மாவுப்பூச்சி இல்லை. மாவுப்பூச்சி தின்னுற பொறிவண்டின்ர புழு. அதைப் பொறுக்கி நசுக்கிற ஆக்கள் நிறைய. இன்னொண்டு, மெழுகைத் தன்ர முதுகில அப்பிக்கொண்டு கிடக்கிற பழுப்புப் புழு, அது ஸ்பால்ஜிஸ் எண்ட வண்ணாத்தியின்ர புழு. கூட்டுப்புழுவுக்குக் குரங்கு முகம் இருக்கும், பார்த்தால் மறக்கமாட்டியள். அதையும் விட்டிடுங்கோ.

செவ்வரத்தை_வேலி:

நன்றி முசுறு அண்ணை. செவ்வரத்தையில் கீறல் இருக்கிறதா என்று நாளை வெளிச்சத்தில் பார்க்கிறேன். மம்மியில் இருந்து குளவியை வெளியே எடுத்துப் பார்க்கச் சரியான முறை என்ன? போத்தலில் அடைத்தால் நீர் வேர்த்து எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடுகிறது.

கண்ணாடிக்குப்பி:

வேர்ப்பதற்குக் காரணம் இலை. இலையோடு சேர்த்து அடைக்க வேண்டாம். மம்மியை மட்டும் மெல்லிய ஈரத் தூரிகையால் கிளப்புங்கள். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் மம்மியைச் சுற்றி ஐந்து மில்லிமீற்றர் சதுரமாக இலையை வெட்டி, டிஷ்யூவில் ஒரு மணித்தியாலம் வைத்து ஈரத்தைப் போக்கிய பிறகு குப்பிக்குள் விடுங்கள்.

ஒரு குப்பிக்கு ஒரு மம்மி. இதில் சோம்பல் பட்டால் முழு வேலையும் வீண். பத்தை ஒன்றாகப் போட்டால் எந்தக் குளவி எந்த மம்மியில் இருந்து வந்தது, எது முதல் ஒட்டுண்ணி, எது அதன்மேல் வந்த ஒட்டுண்ணி என்று பிறகு பிரிக்கவே முடியாது. வெளிநாட்டுக் கையேடுகள் ஜெலட்டின் கப்சூலைச் சொல்லும். கொழும்பின் ஈரப்பதத்துக்கு அது இளகி மம்மியோடு ஒட்டிக்கொள்ளும். சின்னக் கண்ணாடிக் குப்பியும் இறுக்காத பஞ்சுமே இங்கே நல்லது. பஞ்சின் உட்பக்கத்தில் தேனை ஊசிமுனையால் கீறலாகத் தடவுங்கள். சொட்டாக விட்டால் ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத குளவி அதிலேயே அமிழ்ந்து சாகும். நிழலில், 25 முதல் 28 பாகைக்குள் வையுங்கள். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று சிலிக்கா பைக்கட்டைக் கூடவே போடுகிறார்கள். அப்போது மம்மி இறுகி, குளவி ஓட்டை வெட்ட முடியாமல் உள்ளேயே செத்துவிடும்.

சேகரிக்கும்போது ஓட்டை விழுந்த மம்மியை எடுப்பதில் அர்த்தமில்லை, அது காலி. அதேபோல் மம்மி இல்லாத கொத்தில் குளவி இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. முட்டை இட்ட பிறகு உடல் ஊதி இறுக ஒரு கிழமை அளவில் ஆகும். அதுவரை பூச்சி நடமாடிக்கொண்டுதான் இருக்கும். உறுதிப்படுத்த வேண்டுமானால் உப்புநீர்ச் சொட்டில் பூச்சியை வைத்து இரண்டு ஊசியால் பிரித்து, 40 மடங்கில் உள்ளே புழு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒட்டுண்ணி வீதம் கணக்கிடுபவர்கள் முட்டைப்பையையும் புதிதாகப் பொரித்த குஞ்சையும் மொத்தத்தில் சேர்த்துவிடுகிறார்கள். குளவி தொடாத பருவத்தைச் சேர்த்தால் வீதம் பொய்யாகக் குறையும். அசிரோபேகஸுக்கு இரண்டாம் பருவம் முதல் மேல்நோக்கி எண்ணுங்கள்.

மரவள்ளி_நேசன்:

மூன்றாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை. எனக்கு இந்த விடயத்தில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான்.

குளவிப் பேர் நாட்டுக்கு நாடு மாறுவதற்குக் காரணம், மாவுப்பூச்சி எங்கே பிறந்ததோ அங்கேதான் அதற்குப் பொருத்தமான குளவியும் பிறந்திருக்கும். பூச்சி கப்பலிலோ விமானத்திலோ வந்துவிடும், குளவி பின்தங்கிவிடும். வந்த இடத்து உள்ளூர்க் குளவிகள் சில முட்டை இட்டுப் பார்க்கும். ஆனால் பூச்சியின் குருதிக் கலங்கள் அந்த முட்டையைச் சுற்றி மூடி மூச்சடைக்க வைத்துவிடும். வெளியில் இருந்து பார்ப்பவருக்குக் குளவி வந்து குத்துவது தெரியும், ஒட்டுண்ணி வளர்வது தெரியாது. "உள்ளூர்க் குளவி இருக்கிறதே, பிறகேன் பூச்சி குறையவில்லை" என்பதற்கு ஒரு விடை இது.

பிறந்த இடத்தைப் பிழையாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகள். கென்யாவில் 1920களில் கோப்பியைத் தாக்கிய பூச்சியை ஆசிய இனம் என்று நினைத்து, கிழக்காசியாவரை போய்க் குளவி தேடினார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. பிறகுதான் அது தனி இனம், பிளானோகொக்கஸ் கென்யே, பக்கத்து உகண்டாவில் இருந்தது என்று தெரிந்தது. 1938இல் அங்கிருந்தே அனகைரஸ் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள், அடங்கியது.

மரவள்ளி மாவுப்பூச்சி இன்னும் பெரிய வழக்கு. 1973இல் கொங்கோப் பக்கம் கண்ட பெனாகொக்கஸ் மனிஹோட்டி ஆபிரிக்காவில் மரவள்ளி விளையும் பகுதி முழுக்கப் பரவியது. தென்னமெரிக்காவின் வடபகுதியில் மரவள்ளியில் கண்ட ஒன்றை அதே பூச்சி என்று எடுத்து, அதன் குளவிகளை முயன்றார்கள். அந்தப் பூச்சி பெனாகொக்கஸ் ஹெரேனி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. ஆனால் ஹெரேனியில் ஆண் உண்டு, மனிஹோட்டி ஆணில்லாமலே பெருகும். அதன் குளவிகள் மனிஹோட்டியில் எடுபடவில்லை. 1981இல் பராகுவேயில் உண்மையான பூச்சி கிடைத்தது, கூடவே அனகைரஸ் லோபெசியும். அதே ஆண்டில் நைஜீரியாவில் விட்டார்கள். அந்தத் திட்டத்தை நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு. 2009இல் தாய்லாந்து அதே குளவியைப் பெனினில் இருந்து எடுத்தது. 2020இல் பூச்சி திருச்சூரில் தென்பட்டது. இந்தியாவும் பெனினில் இருந்தே குளவியை வரவழைத்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விட்டது.

பிழையாகப் போன ஹெரேனிக் குளவிகள் வீணாகவும் இல்லை. வடகிழக்கு பிரேசிலில் ஹெரேனி பெருகியபோது வெனிசுவேலா, கொலம்பியாவில் இருந்து வந்த அசிரோபேகஸ் கொக்கோயிஸ் உள்ளிட்ட குளவிகள்தான் கைகொடுத்தன. பூச்சியைச் சரியாக இனங்கண்டபோது அதே கூட்டத்துக் குளவிகள் வேலை செய்தன.

பொறிவண்டு:

நேசன் சொன்னதோடு ஒரு திருப்பத்தையும் சேர்க்கிறேன். சில குளவி ஒருவரும் கொண்டுவராமலே வந்துசேரும். பருத்தி மாவுப்பூச்சி வட அமெரிக்கப் பூச்சி, 1898இல் நியூ மெக்சிகோவில் இருந்து விவரிக்கப்பட்டது. 2005 அளவில் பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் பருத்தியை அழித்தபோது விடுவிப்புத் திட்டம் எதுவும் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் வயலிலேயே ஒரு கறுப்புக் குளவி பெருகி நின்றது. 2009இல் அதற்கு ஏனாசியஸ் பம்பவாலேய் என்று புதுப்பேர் வைத்தார்கள். பின்னர் ஒப்பிட்டுப் பார்த்து, அமெரிக்காவில் ஏற்கெனவே அறியப்பட்ட ஏனாசியஸ் அரிசோனென்சிஸ்தான் அது என்று பேரை இணைத்தார்கள். பூச்சியோடு சேர்ந்து பயணம் செய்த குளவி என்று கொள்வதே பொருத்தம். பழைய கட்டுரைகளில் இரண்டு பேரையும் தேடுங்கள், ஒரே குளவிதான்.

பெயர் பிரிவதும் உண்டு. பிளானோகொக்கஸ் சிட்ரியைத் தாக்கும் அனகைரஸ் சூடோகொக்கி என்று மத்தியதரைக்கடல் நாடுகளில் விற்றது உண்மையில் இரண்டு இனம். பெண்ணின் உணர்கொம்புத் தண்டில் முதல் கணு பாதி வெள்ளையாக இருந்தால் சூடோகொக்கி, முழுக் கறுப்பாக இருந்தால் இன்று அனகைரஸ் விளாடிமிரி என்று வழங்குவது. கணு ஒன்றின் நிறத்தில் தங்கியிருக்கிற வேறுபாட்டைத் தொலைபேசிப் படத்தில் முடிவு செய்ய முடியாது. ஆகவே யாராவது இங்கே படம் போட்டு "இனம் சொல்லுங்கள்" என்று கேட்டால் சாதிப் பேர் வரைதான் எதிர்பார்க்கலாம்.

சாதி வரை போவதற்குச் சில குறிப்பு. இந்தக் குளவிகளில் பெரும்பாலானவை என்சிர்டிடே குடும்பம். நடுக்கால் தடித்திருக்கும், தொட்டால் பறப்பதற்கு முன் துள்ளும். அசிரோபேகஸ் செம்மஞ்சள் நிறம், ஒரு மில்லிமீற்றருக்குக் குறைவு. அனகைரஸ் பெண்ணின் உணர்கொம்பு அடிக்கணு தட்டையாக அகன்று, கறுப்பு வெள்ளையாக இருக்கும். லெப்டோமாஸ்டிக்ஸில் அதே கணு ஒடுங்கி நீளும். ஏனாசியஸ் கறுப்பு, குட்டையும் திடமும். தலையில் சாய்வாக வெளிச்சம் விழுத்தினால் தையற்காரரின் விரலுறையில் உள்ளதுபோல நெருக்கமான குழிகள் தெரியும். அதை ஒருமுறை பார்த்தால் வேறொன்றோடு குழம்பாது.

முசுறு:

இலை கட்டுறதைப் பற்றிக் கேட்டவ. என்ர கணக்கில அதே ஒழுங்கைக்குள்ள பப்பாசியில இருந்து பப்பாசிக்கு இலை மாத்துறதில பிழையில்லை. உந்தக் குளவி தானாவே பறந்து போகும், நாங்கள் ரெண்டு கிழமை முந்திக் கொண்டுபோறம், அவ்வளவுதான். பப்பாசியில இருந்து வேற பூச்சிக்குக் கட்டினால் பூச்சியைத்தான் இறக்குமதி செய்யுறியள்.

பொறிவண்டு:

ஒழுங்கைக்குள் என்றால் எனக்கும் பெரிய மறுப்பில்லை. ஆனால் ஆட்கள் அங்கே நிற்பதில்லை. மஹரகமவில் வெட்டிய இலையைப் பஸ்ஸில் குருநாகல்வரை கொண்டுபோகிறார்கள். இலையோடு போவது குளவி மட்டுமில்லை. வேறு மாவுப்பூச்சியின் முட்டைப்பை, அத்துடன் குளவியையே தின்னும் மேல் ஒட்டுண்ணி. சார்டோசெரஸ், புரோகிலோநியூரஸ், மரியெட்டா, பாக்கிநியூரான் எல்லாம் அந்த வகை. இவை பெருகினால் நல்ல குளவியின் அடுத்த தலைமுறை மெலியும்.

கண்ணாடிக்குப்பி:

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இலையை மாற்றாமல் குளவியை மட்டும் மாற்றலாமே. தனிக்குப்பியில் வெளியேறிய குளவியைப் பார்த்துப் பிரித்து விடுங்கள். பப்பாசிப் பூச்சியின் மம்மிக்கு இலகுவான வடிகட்டல்: செம்மஞ்சள், மின்னாத உடல், துள்ளல் மூன்றும் இருந்தால் விடலாம். உடல் பச்சையாக உலோகம்போல் மின்னினால், இறகில் புள்ளியோ கருந்திட்டோ இருந்தால், முதுகில் மயிர்க்குச்சம் நிமிர்ந்து நின்றால், அல்லது கறுத்துத் தட்டையாக இருந்து உணர்கொம்பின் முனை ஒரே நீளத் தண்டாகத் தடித்திருந்தால், எதனோலுக்குள். இந்த வடிகட்டலைப் பருத்திப் பூச்சிக்குப் பயன்படுத்த வேண்டாம், அங்கே நல்ல குளவியே கறுப்பு.

ஓட்டையின் விளிம்பு மழுமழுப்பாக இருந்தால் நல்லது, கிழிந்திருந்தால் மேல் ஒட்டுண்ணி என்று ஒரு விதி உலவுகிறது. அதை நம்பி முடிவெடுக்க மாட்டேன். காய்ந்த மம்மி கையில் நொறுங்கினாலும் விளிம்பு கிழியும். ஒரே நாளில் எடுத்த தொகுதியில் கடைசியாக வெளியேறுபவற்றைச் சந்தேகத்தோடு பார்ப்பது அதைவிடப் பயனுள்ளது. மேல் ஒட்டுண்ணி பெரும்பாலும் பிந்தித்தான் வரும்.

இரண்டு கிழமை காத்திருந்து குப்பி பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி. மம்மி இலைகளை மூடியில்லாத வாளியில் போட்டு, வாளியின் வெளிவிளிம்பில் நாலு விரல் அகலத்துக்குச் செலோடேப் சுற்றி அதன்மேல் கிறீஸ் பூசி, அந்தப் பப்பாசியின் கீழேயே நிழலில் வையுங்கள். குளவி பறந்து வெளியேறும், நடந்து வரும் மாவுக்குஞ்சு கிறீஸில் மாட்டும். மழைத்தண்ணீர் போகாமல் மேலே ஒரு தகரம். இது மேல் ஒட்டுண்ணியை நிறுத்தாது, ஆகவே அதே தோட்டத்துக்குள் மட்டும்.

செவ்வரத்தை_வேலி:

பார்த்துவிட்டேன். செவ்வரத்தையில் கீறல் இருக்கிறது, முதுகில் சோடியாக. பின்பக்க மெழுகு நீளம். தண்டில் மஞ்சள் எறும்பு வரிசையாக ஏறுகிறது. போன மாதம் பக்கத்து வீட்டில் தோட்டக்காரர் வேரில் தயாமெதொக்சாம் என்ற பூச்சிமருந்தை ஊற்றியதாகச் சொன்னார்கள். வேரில்தானே, குளவிக்கு அது படாது என்று நினைக்கிறேன்.

பொறிவண்டு:

படும். வேரில் ஊற்றியது மரச்சாற்றில் ஏறும், சாற்றைக் குடிக்கும் மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவிலும் வரும். அந்தக் கழிவைத்தான் குளவி உணவாக நக்குகிறது. 2019இல் ஸ்பெயினில் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். தயாமெதொக்சாம் இட்ட மரத்தில் இருந்த பிளானோகொக்கஸ் சிட்ரியின் கழிவைக் குடித்த அனகைரஸ் குளவிகளும் மலர் ஈக்களும் செத்தன. பூச்சி முழுதாகச் சாகாமல் அரைகுறையாகப் பிழைத்திருக்கும் மரம்தான் குளவிக்கு ஆபத்தானது.

டெங்குப் புகை அடிக்கிற ஒழுங்கையிலும் இதே கதைதான். பறக்கிற குளவி தப்பாது, மம்மிக்குள் இருப்பது பெரும்பாலும் தப்பும். ஆகவே புகை அடித்த மறுநாள் குளவியைக் காணவில்லை என்று நம்பிக்கை இழக்க வேண்டாம், மம்மி இலைகளை வெட்டி எறியாமல் விட்டாலே போதும்.

முசுறு:

எறும்பை முதல்ல கவனியுங்கோ. எறும்பு இனிப்புக்காகப் பூச்சியைக் காவல் காக்குது. குளவி ஒரு பூச்சியைத் தட்டிப் பார்த்து முட்டை விட நேரம் வேணும், எறும்பு ஓடுற தண்டில அது கிடைக்காது. தண்டில கிறீஸை நேராப் பூசாதேங்கோ, பட்டை வெந்துபோம். துணிப்பட்டி, அதுக்கு மேல செலோடேப் இறுக்கி, அதில கிறீஸ். மதிலில உரசுற கொப்பு ஒண்டு மிச்சம் இருந்தாலும் எறும்புக்குப் பாலம்தான், வெட்டிவிடுங்கோ. கிறீஸில தூசி படிஞ்சு காய்ஞ்சால் அதுக்கு மேலால நடக்கும், கிழமைக்கொருக்கால் பாருங்கோ.

மருந்து அடிச்சே தீரவேணும் எண்டால் லீட்டருக்கு அஞ்சு மில்லிலீட்டர் பாத்திரம் கழுவுற திரவம், மம்மி இல்லாத கொப்புக்கு மட்டும், பின்னேரத்தில. சவர்க்காரத் தண்ணி பட்ட குளவி சாகும், ஆனா காய்ஞ்ச பிறகு மிச்சம் ஒண்டும் இருக்காது. பப்பாசி இலை கருகும், அதுக்கு ஒரு இலையில அடிச்சு ரெண்டு நாள் பார்த்திட்டுத்தான். உண்மையில பிறஷரான பைப் தண்ணியே பாதி வேலையைச் செய்யும்.

மதிலோரப்_பப்பாசி:

இழையைப் படித்துக்கொண்டு வந்தேன். அசிரோபேகஸை வீட்டிலேயே பெருக்க முடியாதா? உருளைக்கிழங்கில் வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கண்ணாடிக்குப்பி:

முடியும், ஆனால் மாவுப்பூச்சிப் பண்ணை நடத்துவதும் சேர்த்துத்தான். முளை மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் வந்த கிழங்கை ஈர மணலில் அரைவாசி புதைத்து, ஒரு கிழங்குக்கு நாலைந்து முட்டைப்பை வைத்து, பூச்சி முளை முழுக்கப் பரவிய பிறகு குளவியை விடுவார்கள். கடைக் கிழங்கில் முளை தடுக்கும் மருந்து இட்டிருந்தால் மாதக்கணக்கில் வைத்தாலும் முளைக்காது. நுவரெலியா, வெலிமடைக் கிழங்கில் வாய்ப்பு அதிகம்.

கெட்டுப்போகும் இடங்கள் இவை. பூச்சி வளர்க்கும் கூட்டுக்குள் ஒரேயொரு குளவி புகுந்தால் அடுத்த மாதம் பூச்சி இருக்காது. ஆகவே காலையில் முதலில் பூச்சி அறை, பிறகு குளவி அறை. எதிர்த்திசையில் போகவே கூடாது. பூச்சி மிஞ்சினால் இனிப்புக் கழிவு வழிந்து கரும்பூஞ்சணம் பிடித்து முளை அழுகும். குஞ்சு மிகச் சின்னதாக இருக்கும்போது குளவியை விட்டால் ஆண்களே அதிகம் பிறக்கும். இந்தக் குளவித் தாய் கருக்கட்டாத முட்டையில் இருந்து ஆணையும் கருக்கட்டியதில் இருந்து பெண்ணையும் பெறும், உணவு போதாத சின்ன உடலில் ஆண் முட்டையையே வைக்கும். இரண்டு தலைமுறை இப்படிப் போனால் கூடே நின்றுவிடும்.

நேர்மையாகச் சொன்னால் கொழும்பில் இதற்குத் தேவை இல்லை. குளவி ஏற்கெனவே இங்கே நிலைத்த பூச்சிக்கு, எறும்பையும் மருந்தையும் தள்ளி வைத்தால் அது தானாக வரும்.

மரவள்ளி_நேசன்:

இந்தியாவில் இருந்து லோபெசி மம்மியைப் பையில் போட்டு எடுத்து வரலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது அனுமதி வேண்டிய பொருள், கட்டுநாயக்க விமான நிலையத்தில் பறிமுதலாகும். சட்டத்தை விடுங்கள், மம்மி வரும் இலையில் மரவள்ளி மாவுப்பூச்சியும் உயிரோடு வரும். குளவியைக் கொண்டுவருவதாக நினைத்துப் பூச்சியைக் கொண்டுவந்தவராவார்.

செவ்வரத்தை_வேலி:

அப்படியானால் செவ்வரத்தைக்கு இப்போது செய்ய வேண்டியது?

பொறிவண்டு:

கீறலும் நீள மெழுகும் இருப்பதால் சொலனாப்சிஸ் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். எதிர்பார்க்க வேண்டிய குளவி ஏனாசியஸ். அதன் மம்மி பப்பாசிப் பூச்சியுடையதுபோல வெளிறி இராது, செங்கபிலமாகத் தோல்போல இறுகிப் பீப்பா வடிவில் இருக்கும். இலையில் தேடாமல் தண்டின் கவட்டையிலும் காய்ந்து சுருண்ட இலைக்குள்ளும் பாருங்கள், பூச்சி இறுகுமுன் அப்படியான மறைவுக்கு நகர்வதுண்டு. நுனிக்கொத்தை மட்டும் வெட்டிச் சவர்க்காரத் தண்ணீரில் அமிழ்த்துங்கள், அடித்தண்டைத் தொட வேண்டாம்.

கண்ணாடிக்குப்பி:

செங்கபில மம்மி கிடைத்தால் பத்துப் பன்னிரண்டைத் தனித்தனிக் குப்பியில் வையுங்கள். கூடவே உயிரோடிருக்கும் வளர்ந்த பெண் பூச்சி ஐந்தாறை 70 வீத எதனோலில் எடுங்கள். குஞ்சில் இனம் சொல்ல முடியாது, சிலைட் போட வளர்ந்த பெண்தான் வேண்டும். வெளியேறும் குளவியைச் சாகவிட்டுக் காய வைக்காதீர்கள், என்சிர்டிட் காய்ந்தால் தலை உள்வாங்கிச் சுருங்கும். பாதியை 70 வீதத்திலும் பாதியை 95க்கு மேற்பட்ட எதனோலில் உறைபெட்டியிலும் வையுங்கள், மரபணு பார்க்க நேர்ந்தால் இரண்டாவதுதான் உதவும். லேபலைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். திகதி, இடம், மரம், பூச்சிக் குப்பியின் இலக்கம் நாலும் அதில் இருக்கட்டும். பேனா மை எதனோலில் கரைந்துவிடும்.